கார்டியோ பயிற்சியும் தசைக் காப்பும்: தருமபுரி மாவட்டப் பின்னணியில் ஒரு வரலாறு

கார்டியோ பயிற்சி என்பது இதயத் துடிப்பையும் மூச்சையும் கூட்டும் வகையில் தொடர்ந்து செய்யப்படும் உடற்பயிற்சிகளின் பொதுப்பெயர். நடை, ஓட்டம், மிதிவண்டி ஓட்டுதல், நீச்சல், கயிறு தாண்டுதல் ஆகியன இதில் அடங்கும். எடையைக் குறைக்க விரும்புவோர் பெரும்பாலும் முதலில் இதையே நாடுகின்றனர். ஆனால் எடை குறையும்போது கொழுப்புடன் தசையும் கரைகிறது. தசையை இழக்காமல் கொழுப்பைக் குறைக்க எந்த வகைக் கார்டியோ ஏற்றது என்ற கேள்வி 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் முறையான ஆய்வுக்கு வந்தது. அக்கேள்வி உருவான வரலாற்றையும், உடலுழைப்பைச் சார்ந்திருந்த தருமபுரி மாவட்டத்தில் அதற்கு இன்று உள்ள பொருளையும் இக்கட்டுரை விவரிக்கிறது.

உழைப்பே பயிற்சியாக இருந்த காலம்

தருமபுரி மாவட்டம் 1965 அக்டோபர் 2 அன்று சேலம் மாவட்டத்திலிருந்து பிரிந்து உருவானது. 2004 பிப்ரவரி 9 அன்று அதிலிருந்து கிருஷ்ணகிரி மாவட்டம் பிரிக்கப்பட்டது. பென்னாகரம், பாலக்கோடு, அரூர், பாப்பிரெட்டிப்பட்டி வட்டங்களை உள்ளடக்கிய இப்பகுதி மலைகளும் மானாவாரி நிலங்களும் நிறைந்தது. ராகி, சாமை, கொள்ளு, நிலக்கடலை ஆகியவை இங்கு நெடுங்காலமாக விளைகின்றன.

மின்மோட்டார் வருவதற்கு முன்பு கிணற்று நீரை இறைக்கக் கவலையும் ஏற்றமும் பயன்பட்டன. கவலையில் மாடுகளை ஓட்டிக்கொண்டு சரிவில் மணிக்கணக்கில் முன்னும் பின்னும் நடக்க வேண்டும். ஏற்றத்தில் மரத்தின் மீது ஏறி இறங்கி மிதிக்க வேண்டும். கீழே நிற்பவர் நீர் நிறைந்த சாலைப் பிடித்துக் கவிழ்க்க வேண்டும். வீடுகளில் ராகியைத் திருகையில் அரைப்பதும், சாமையை உரலில் இட்டு உலக்கையால் குத்துவதும் பெண்களின் அன்றாட வேலையாக இருந்தன. தண்ணீர்க் குடமும் விறகுச் சுமையும் தலையில் ஏறின.

இன்றைய உடற்பயிற்சி அறிவியலின் மொழியில் சொன்னால், இவ்வேலைகளில் இரண்டு பயிற்சிகள் சேர்ந்தே இருந்தன. நீண்ட நேர நடை இதயத்துக்கும் மூச்சுக்குமான பயிற்சி. தூக்குவதும் இழுப்பதும் குத்துவதும் தசைக்கான பயிற்சி. பம்புசெட்டும் மாவு மில்லும் டிராக்டரும் பேருந்தும் வந்தபோது இரண்டும் ஒன்றாகக் குறைந்தன. பின்னர் உடற்பயிற்சி மருத்துவ அறிவுரையாகத் திரும்பி வந்தபோது, பெரும்பாலும் நடை மட்டுமே வந்தது, சுமை வரவில்லை.

வேலையிலிருந்து பிரிந்த உடற்கல்வி

உடற்பயிற்சியைத் தனித் துறையாகக் கற்பிக்கும் முயற்சியில் தமிழ்நாட்டுக்கு முன்னோடி இடம் உண்டு. அமெரிக்கரான ஹாரி குரோ பக் 1920இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் பங்கேற்ற இந்திய அணிக்கும் அவரே மேலாளராகச் சென்றார். பள்ளிகளுக்கு உடற்கல்வி ஆசிரியர்களை உருவாக்கிய கல்லூரிகளில் இது முதன்மையானது.

இதற்கு வெளியே, ஊர்த் தாலிம்கூடங்களில் தண்டால், பஸ்கி, கர்லாக்கட்டை ஆகிய பயிற்சிகள் வழக்கில் இருந்தன. கருவி வாங்க வழியில்லாதவரும் தம் உடல் எடையையே சுமையாக்கிக்கொள்ளும் முறைகள் இவை. அக்காலத்தில் நோக்கம் வலிமையாக இருந்ததே தவிர, கொழுப்பைக் குறைப்பதாக இருக்கவில்லை. உணவுப் பற்றாக்குறை பரவலாக இருந்த சமூகத்தில் அத்தகைய கேள்விக்கு இடமும் இல்லை.

மின்னசோட்டா ஆய்வு

உணவைக் குறைத்து நடையைக் கூட்டினால் உடலில் எது கரையும் என்பதை மிக விரிவாகக் காட்டிய ஆய்வு, எடைக் குறைப்புக்காக நடத்தப்பட்டது அன்று. இரண்டாம் உலகப் போரின் இறுதிக் கட்டத்தில், பட்டினியால் வாடிய மக்களை மீட்பது எப்படி என்று அறிய ஆன்செல் கீஸ் 1944–45இல் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் அதை நடத்தினார். போரில் சேர மறுத்த 36 இளைஞர்கள் தாமாக முன்வந்து இதில் பங்கேற்றனர்.

24 வாரங்கள் அவர்களுக்கு அரைப் பட்டினி உணவு தரப்பட்டது. வாரந்தோறும் 22 மைல், அதாவது சுமார் 35 கிலோமீட்டர் அவர்கள் நடக்க வேண்டியிருந்தது. முடிவில் உடல் எடையில் ஏறத்தாழ கால் பங்கு குறைந்தது. கொழுப்புடன் தசையும் பெருமளவில் கரைந்தது, வலிமை வீழ்ந்தது, உணவைப் பற்றிய எண்ணமே மனத்தை நிரப்பியது. 1950இல் இதன் முடிவுகள் நூலாக வெளிவந்தன. கடும் உணவுக் குறைப்புடன் நடையை மட்டும் சேர்த்தால் தசை காப்பாற்றப்படுவதில்லை என்பது அன்றே தெரிந்தது. ஆனால் அடுத்த முப்பது ஆண்டுகள் உலகின் கவனம் தசையின் மீது அல்ல, இதயத்தின் மீதே இருந்தது.

இதயத்துக்காக ஓடிய தலைமுறை

1953இல் ஜெர்ரி மோரிஸ் லண்டன் பேருந்து ஊழியர்களைப் பற்றிய ஆய்வை வெளியிட்டார். நாள் முழுவதும் உட்கார்ந்திருந்த ஓட்டுநர்களைவிட, இரட்டைமாடிப் பேருந்தின் படிகளில் ஏறி இறங்கிய நடத்துநர்களுக்கு இதய நோய் குறைவாக இருந்தது. உடலியக்கத்தையும் இதய நோயையும் இணைத்த தொடக்ககால ஆய்வுகளில் இது முக்கியமானது.

1968இல் அமெரிக்க விமானப்படை மருத்துவர் கென்னத் கூப்பர் 'ஏரோபிக்ஸ்' என்ற நூலை எழுதினார். 12 நிமிடங்களில் ஒருவர் எவ்வளவு தூரம் ஓடுகிறார் என்பதைக் கொண்டு அவரது உடல்திறனை மதிப்பிடும் அவரது சோதனை உலகெங்கும் பரவியது. மெல்லோட்டம் நகரவாசிகளின் பழக்கமானது. நாளடைவில் 'உடல் இளைக்க ஓட வேண்டும்' என்பது பொதுக்கருத்தாயிற்று.

இதனுடன் ஒரு தவறான புரிதலும் வளர்ந்தது. மெதுவான பயிற்சியின்போது உடல் செலவிடும் ஆற்றலில் கொழுப்பின் விகிதம் அதிகம் என்பது உண்மை. ஆகவே மெதுவாக நடந்தால்தான் கொழுப்பு கரையும் என்று பலர் முடிவு செய்தனர். ஆனால் உடல் கொழுப்பு குறைவதைத் தீர்மானிப்பது அந்த ஒரு மணி நேரத்து விகிதம் அன்று. பல வாரங்களில் உண்ட ஆற்றலுக்கும் செலவான ஆற்றலுக்கும் உள்ள வேறுபாடே.

இடைவெளிப் பயிற்சியின் பிறப்பு

விரைவாக ஓடி, சற்று இளைப்பாறி, மீண்டும் ஓடும் இடைவெளிப் பயிற்சி விளையாட்டு வீரர்களிடமிருந்து வந்தது. 1930களில் சுவீடனின் கோஸ்டா ஹோல்மர், ஓட்டத்தின் நடுவே வேகத்தை மாற்றிக்கொண்டே இருக்கும் 'ஃபார்ட்லெக்' முறையை உருவாக்கினார். அதே காலத்தில் ஜெர்மனியில் பயிற்சியாளர் வோல்டெமர் கெர்ஷ்லரும் மருத்துவர் ஹெர்பர்ட் ரைண்டலும் இதயத் துடிப்பை அளந்து இடைவெளிகளை வகுத்தனர். கெர்ஷ்லரிடம் பயின்ற ருடால்ஃப் ஹார்பிக் 1939இல் 800 மீட்டரை 1 நிமிடம் 46.6 விநாடியில் ஓடி உலக சாதனை படைத்தார். 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் 5,000 மீட்டர், 10,000 மீட்டர், மாரத்தான் மூன்றிலும் தங்கம் வென்ற செக்கோஸ்லோவாக்கியாவின் எமில் ஸாட்டோபெக்கும் இம்முறையால் புகழ்பெற்றவரே.

இம்முறை பொதுமக்களின் எடைக் குறைப்புக்கு வந்தது 1990களில். 1994இல் கனடாவின் ஆஞ்சலோ ட்ரெம்பிளே குழுவினர், இடைவெளிப் பயிற்சி செய்தவர்களிடம் தோலடிக் கொழுப்பு அதிகம் குறைந்ததாக அறிவித்தனர். 1996இல் ஜப்பானின் இசுமி தபாட்டா, 20 விநாடி முழு வேகம், 10 விநாடி ஓய்வு என்ற முறையை ஆறு வாரங்கள் சோதித்தார். நீடித்துழைக்கும் திறன், குறுகிய நேர வேகத்திறன் இரண்டும் அதனால் உயர்ந்தன. ஆனால் அந்த ஆய்வு கொழுப்பு இழப்பை அளக்கவில்லை. 'நான்கு நிமிடத்தில் கொழுப்பைக் கரைக்கும் தபாட்டா' என்ற விளம்பரங்களுக்கு அந்த ஆய்வில் ஆதாரம் இல்லை.

2017இல் வெளியான தொகுப்பாய்வுகள் இந்த வாதத்தைப் பெருமளவு தீர்த்தன. இடைவெளிப் பயிற்சியும் மிதமான தொடர் பயிற்சியும் கொழுப்பைக் குறைப்பதில் ஏறத்தாழ சமமாகவே இருந்தன. இடைவெளிப் பயிற்சியின் நன்மை நேரச் சேமிப்பு: அதே பலனுக்குச் சுமார் 40 சதவீதம் குறைவான நேரமே தேவைப்பட்டது.

ஹிக்சனின் கேள்வி

கார்டியோ தசையைப் பாதிக்கிறதா என்ற கேள்வியை அறிவியல் வடிவில் எழுப்பியவர் அமெரிக்காவின் ராபர்ட் ஹிக்சன். எடை தூக்கும் பழக்கமுள்ள அவர், நீடித்துழைக்கும் திறனை ஆராய்ந்த ஜான் ஹாலோசியின் ஆய்வகத்தில் சேர்ந்து ஓடத் தொடங்கியபின் தமது தசை குறைவதைக் கவனித்தார் என்று கூறப்படுகிறது. 1980இல் அவர் வெளியிட்ட ஆய்வு 10 வாரங்கள் நடந்தது. ஒரு குழு எடைப்பயிற்சி மட்டும் செய்தது. ஒரு குழு ஓட்டமும் மிதிவண்டியும் மட்டும். மூன்றாம் குழு இரண்டையும் செய்தது. இரண்டையும் செய்தவர்களின் வலிமை ஏழாம் வாரம்வரை உயர்ந்து, பின்னர் தேங்கி, கடைசி இரு வாரங்களில் குறைந்தது. இதுவே 'இடையூறு விளைவு' என்று பெயர்பெற்றது.

இதன் காரணத்தைப் பிற்கால ஆய்வுகள் செல்லுக்குள் தேடின. நீண்ட ஓட்டத்தின்போது ஏ.எம்.பி.கே. என்ற நொதி, ஆற்றல் குறைந்துவிட்டதை உணர்ந்து சேமிப்பைத் திறக்கிறது. எடைப்பயிற்சியும் புரத உணவும் எம்டார் என்ற தசை வளர்ப்புப் பாதையைத் தூண்டுகின்றன. முன்னது பின்னதைத் தடுக்கலாம் என்பது கருதுகோள். ஆனால் மனிதரில் களைப்பு, தூக்கக்குறைவு, போதாத உணவு ஆகியவையும் சேர்ந்தே செயல்படுகின்றன.

2012இல் வில்சன் குழுவினர் 21 ஆய்வுகளைத் தொகுத்தனர். எடைப்பயிற்சியுடன் ஓட்டத்தைச் சேர்த்தபோது இடையூறு தெரிந்தது. மிதிவண்டியைச் சேர்த்தபோது தெரியவில்லை. கார்டியோவின் நேரமும் நாட்களும் கூடக் கூட இடையூறும் கூடியது. தரையில் பாதம் மோதும் அதிர்ச்சியும், கால் தசை நீளும் நிலையில் எடையைத் தாங்குவதும் ஓட்டத்தில் அதிகம். அதனால் தசை தேறிவரக் கூடுதல் நாட்கள் ஆகலாம் என்பது ஒரு விளக்கம். 2022இல் வந்த மற்றொரு தொகுப்பாய்வு, தசைப் பருமனும் உச்ச வலிமையும் பொதுவாகப் பாதிக்கப்படுவதில்லை என்றும், வெடிப்பு வேகம் மட்டுமே சற்றுக் குறையலாம் என்றும் கூறியது. ஹிக்சனின் சோதனையில் வாரத்தில் 5 நாள் எடைப்பயிற்சியும் 6 நாள் கடும் கார்டியோவும் இருந்தன என்பதை இங்கு நினைவில் கொள்ள வேண்டும். மிதமான அளவில் இரண்டும் ஒன்றையொன்று கெடுப்பதில்லை.

இந்திய உடலும் சென்னை ஆய்வும்

2004இல் 'லான்செட்' இதழில் ஒரு புகைப்படம் வெளியானது. அதில் புனேயைச் சேர்ந்த சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் பிரிட்டனின் ஜான் யுட்கினும் அருகருகே நின்றனர். இருவரின் உடல் நிறை குறியீட்டெண்ணும் 22.3. யுட்கினின் உடலில் கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக்கின் உடலில் 21.2 சதவீதம். ஒல்லியாகத் தோன்றும் இந்திய உடலில் தசை குறைவாகவும் கொழுப்பு மிகுதியாகவும் இருக்கலாம் என்பதை அப்படம் உணர்த்தியது. இந்திய மருத்துவர்கள் 2009இல் அதிக எடைக்கான வரம்பை 25இலிருந்து 23 ஆகக் குறைத்ததற்கும் இத்தகைய சான்றுகளே அடிப்படை.

தசை என்பது தோற்றம் சார்ந்தது மட்டும் அன்று. உணவுக்குப் பின் இரத்தத்தில் சேரும் சர்க்கரையின் பெரும்பகுதியை ஏற்பது தசையே. ஏற்கெனவே தசை குறைவாக உள்ள ஒருவர் பட்டினியாலும் நீண்ட நடையாலும் மட்டும் எடையைக் குறைத்தால், தராசில் எண் இறங்கும். ஆனால் சர்க்கரையை ஏற்கும் இடமும் சுருங்கிவிடும்.

சென்னையில் ஏ. ராமச்சந்திரன் தலைமையில் நடந்த இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வின் முடிவுகள் 2006இல் வெளிவந்தன. நீரிழிவுக்கு முந்தைய நிலையில் இருந்த 531 பேர் இதில் இடம்பெற்றனர். உணவு மாற்றமும் அன்றாட நடையும் மேற்கொண்ட குழுவில் நீரிழிவு உருவாகும் வாய்ப்பு 28.5 சதவீதம் குறைந்தது. அவர்களின் எடை குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை என்பதே இதில் கவனிக்க வேண்டியது. உடலியக்கத்தின் பலனைத் தராசால் மட்டும் அளக்க முடியாது என்பதற்கு இது தமிழ்நாட்டிலேயே கிடைத்த சான்று.

2014இல் வெளியான ஐ.சி.எம்.ஆர்.–இண்டியாப் ஆய்வு தமிழ்நாடு உட்பட நான்கு பகுதிகளில் 14,227 பேரை ஆராய்ந்தது. 54.4 சதவீதத்தினர் போதிய உடலியக்கம் இல்லாதவர்கள். நகரங்களில் இது 65 சதவீதமாகவும் கிராமங்களில் 50 சதவீதமாகவும் இருந்தது. கிராமத்தில் வாழ்வதாலேயே உடலுழைப்பு இருக்கும் என்ற நம்பிக்கை இனிப் பொருந்தாது.

எட்டு கிலோமீட்டர் நடையும் காவலர் தேர்வும்

தமிழ்நாடு அரசு 2023 நவம்பர் 4 அன்று 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டத்தைத் தொடங்கியது. தருமபுரி உட்பட 38 மாவட்டங்களிலும் 8 கிலோமீட்டர் நடைபாதைகள் இதற்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டன. 60 கிலோ எடையுள்ள ஒருவர் இத்தூரத்தைச் சாதாரண வேகத்தில் கடந்தால் ஏறத்தாழ 300 முதல் 350 கிலோகலோரி செலவாகும். மூட்டுக்கு அதிர்ச்சி குறைவு, செலவு இல்லை, களைப்பும் மறுநாள்வரை நீடிப்பதில்லை. தசையைக் காக்க விரும்புவோருக்கு நடையின் பெரிய நன்மை, அது எடைப்பயிற்சிக்கான வலுவைப் பறிக்காது என்பதே. அதன் குறையும் வெளிப்படை: நடை தசையைக் கெடுப்பதில்லை, ஆனால் உணவைக் குறைக்கும் காலத்தில் அது மட்டும் தசையைக் காப்பதும் இல்லை.

மாவட்ட இளைஞர்கள் பலருக்கு ஓட்டம் வேறு காரணத்தால் கட்டாயமாகிறது. தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வாணையத்தின் இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் ஆண்கள் 1,500 மீட்டரை 7 நிமிடங்களுக்குள் ஓட வேண்டும். கயிறு ஏற வேண்டும். தாண்டுதலும் குறுந்தூர ஓட்டமும் உண்டு. பெண்கள் 400 மீட்டரை 2 நிமிடம் 30 விநாடிக்குள் ஓட வேண்டும். ஓட்டத்துக்காக எடையைக் குறைப்பவர் கை, முதுகு வலிமையை இழந்தால் கயிற்றில் தோற்பார். எடைப்பயிற்சியை மட்டும் நம்புபவர் ஓட்டத்தில் தோற்பார். ஹிக்சன் ஆய்வகத்தில் எழுப்பிய கேள்வியை இத்தேர்வு மைதானத்தில் எழுப்புகிறது. 7 நிமிடத்தில் 1,500 மீட்டர் என்பது மணிக்கு 13 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைந்த வேகம். இதற்குத் தினமும் 10 கிலோமீட்டர் ஓடுவது தேவையில்லை. வாரத்தில் இரண்டு நாள் இடைவெளி ஓட்டம், ஒரு நாள் நிதானமான நீண்ட ஓட்டம், மற்ற நாட்களில் தண்டால், பஸ்கி, கயிறு என்ற பகிர்வு இரு திறன்களுக்கும் இடம் தருகிறது.

தேர்வுக்கான அடிப்படைகள்

எடை குறைக்கும் காலத்தில் எந்தப் பயிற்சி எதைக் காக்கிறது என்பதை இரு ஆய்வுகள் தெளிவாகக் காட்டின. 2012இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகம் வெளியிட்ட எட்டு மாத ஆய்வில், கார்டியோ செய்தவர்களிடம் கொழுப்பு அதிகம் குறைந்தது. எடைப்பயிற்சி செய்தவர்களிடம் தசை கூடியது. இரண்டையும் செய்தவர்கள் இரு பலனையும் பெற்றனர். 2017இல் உடற்பருமன் கொண்ட 160 முதியோரிடம் நடந்த ஆய்வில், எடைக் குறைப்புடன் கார்டியோ மட்டும் செய்தவர்கள் கொழுப்பற்ற உடல் நிறையில் 5 சதவீதத்தை இழந்தனர். எடைப்பயிற்சி மட்டும் செய்தவர்கள் 2 சதவீதத்தையும், இரண்டையும் செய்தவர்கள் 3 சதவீதத்தையும் இழந்தனர். நடமாட்டத் திறன் அதிகம் உயர்ந்தது இரண்டையும் செய்தவர்களிடமே.

இவற்றிலிருந்து கிடைக்கும் வரிசை எளிது. கொழுப்பைக் குறைப்பது மிதமான உணவுக் குறைப்பு. தசையைக் காப்பது எடைப்பயிற்சியும் புரதமும். கார்டியோ இவ்விரண்டுக்கும் துணை. அதைத் தேர்ந்தெடுக்கும்போது எது அதிகம் எரிக்கும் என்பதைவிட, எது தசைப்பயிற்சியைக் கெடுக்காமல் மாதக்கணக்கில் தொடரக்கூடியது என்று பார்ப்பதே பொருத்தம். தொடக்க நிலையினருக்கும் வயதானவர்களுக்கும் விரைவு நடை ஏற்றது. முழங்கால் வலி உள்ளவர்களுக்கும், கால் தசையைப் பேண விரும்புபவர்களுக்கும் மிதிவண்டி ஏற்றது. நேரம் குறைந்தவர்கள் வாரத்தில் இரண்டு நாள் இடைவெளிப் பயிற்சி செய்யலாம். ஓட்டப் பழக்கம் உள்ளவர்கள் கால் பயிற்சி நாளையும் நீண்ட ஓட்ட நாளையும் தள்ளி வைத்துக்கொள்வது நல்லது. உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதலும் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான கார்டியோவுடன், குறைந்தது இரண்டு நாள் தசைப்பயிற்சியைக் கோருகிறது. இரண்டாவது பகுதியே பெரும்பாலும் மறக்கப்படுகிறது.

உணவின் பங்கு

2016இல் கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் 40 இளைஞர்களுக்கு நான்கு வாரங்கள் 40 சதவீதம் குறைந்த ஆற்றல் உணவும் கடும் பயிற்சியும் தரப்பட்டன. உடல் எடையில் கிலோவுக்கு 2.4 கிராம் புரதம் உண்டவர்கள் 4.8 கிலோ கொழுப்பை இழந்து, 1.2 கிலோ கொழுப்பற்ற நிறையைக் கூட்டினர். 1.2 கிராம் உண்டவர்கள் 3.5 கிலோ கொழுப்பை இழந்தனர். கொழுப்பற்ற நிறை ஏறத்தாழ மாறவில்லை.

இந்தியர்களுக்கான அன்றாடப் பரிந்துரை கிலோவுக்கு 0.83 கிராம். எடை குறைக்கும் காலத்தில் இதைவிடக் கூடுதலாகத் தேவைப்படும். தருமபுரிப் பகுதியின் மரபு உணவான ராகிக் களி நார்ச்சத்தும் சுண்ணாம்புச் சத்தும் மிக்கது. ஆனால் 100 கிராம் ராகியில் புரதம் சுமார் 7 கிராமே. அதே நிலத்தில் விளையும் கொள்ளில் சுமார் 22 கிராமும் நிலக்கடலையில் சுமார் 25 கிராமும் உள்ளன. நிலக்கடலையில் கொழுப்பும் மிகுதி என்பதால் அளவு வேண்டும். களியின் அளவைச் சற்றுக் குறைத்து, கொள்ளுப் பருப்பு, முட்டை, மோர், மீன் ஆகியவற்றைக் கூட்டினால் விலையுயர்ந்த புரதப் பொடி இல்லாமலே தேவையை நெருங்கலாம்.

கவனிக்க வேண்டியவை

தருமபுரி, நிலத்தடி நீரில் புளூரைடு மிகுந்த மாவட்டங்களுள் ஒன்று. பல ஆண்டுகள் அந்நீரைக் குடித்தவர்களுக்கு மூட்டு இறுக்கமும் எலும்பு வலியும் ஏற்படலாம். இதைத் தடுக்கவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் கொண்டுவரப்பட்டு, 2013இல் செயல்பாட்டுக்கு வந்தது. இத்தகைய பாதிப்பு உள்ளவர்கள் ஓட்டம், தாண்டுதல் ஆகியவற்றைத் தாமாகத் தொடங்காமல் மருத்துவரைக் கேட்பது அவசியம். இரத்த அழுத்தம், இதய நோய் உள்ளவர்களும், நீரிழிவுக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்களும் இடைவெளிப் பயிற்சிக்கு முன் அவ்வாறே செய்ய வேண்டும். சிறுநீரக நோய் உள்ளவர்கள் புரதத்தை மருத்துவர் சொல்லும் அளவிலேயே உண்ண வேண்டும்.

கவலை ஓட்டியவரும் உலக்கை பிடித்தவரும் கொழுப்பு, தசை என்று பிரித்து எண்ணியதில்லை. அவர்களின் வேலையில் நடையும் சுமையும் பிரியாமல் இருந்தன. வேலை மாறிய பின் நடையை மட்டும் மீட்டுக்கொண்ட சமூகம், சுமையையும் மீட்டுக்கொள்ள வேண்டும் என்பதே கடந்த முக்கால் நூற்றாண்டு ஆய்வுகளின் சாரம். காலையில் 8 கிலோமீட்டர் நடப்பவர் வீடு திரும்பியதும் 20 பஸ்கியும் 10 தண்டாலும் சேர்த்துக்கொண்டால், விடுபட்ட பாதியின் தொடக்கம் அதுவே.